விட்டுப்போன இரண்டு வரிசை

அத்தியாயம் பதினொன்று

வாய் முந்திக்கொண்டதால் வந்த வினை, கொட்டகை வாசலில் ஆறு கால்களை ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

பழைய இயந்திரங்கள் விற்கும் யார்டில், "எத்தனை வரிசை பிளான்ட்டர் பாக்கறீங்க?" என்று வியாபாரி கேட்டபோது பெரியவர் யோசிக்கவே இல்லை. "ஆறு" என்றார். இருபது வருடமாக அந்தக் குடும்பம் மக்காச்சோளம் விதைத்தது ஆறு வரிசை பிளான்ட்டரில்தான். ஒரு தடவை வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனால் ஆறு வரிசைக்கு விதை விழும். எத்தனை என்று கேட்டால் ஆறு என்பது, பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வதுபோல அவருக்கு.

ஆனால் அது தம்பியும் அவரும் சேர்ந்து பயிர் செய்த காலத்து ஆறு. பெரிய டிராக்டர் இழுத்த ஆறு.

பாகம் பிரிந்தபோது பெரிய டிராக்டர் தம்பியான சின்னவர் பங்குக்குப் போனது. பெரியவருக்கு வந்தது பாதி நிலமும், பழைய சின்ன டிராக்டரும், நிலத்தின் கடைக்கோடியில் கொட்டகையை ஒட்டிய ஓர் அறையும். பழைய பிளான்ட்டரை யாருக்கும் வேண்டாமென்று வெளியாளுக்கு விற்றார்கள். டிராக்டரில் சின்னவருக்குப் பெரியது, பெரியவருக்குச் சின்னது என்று அக்கம்பக்கத்தில் சிரித்துக்கொண்டார்கள். பெரியவர் காதிலும் அது விழுந்தது.

பிரிந்ததற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். விதைக் கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்திருந்த அன்று, சின்னவர் அவரிடம், "அண்ணனுக்கு வயசாயிடுச்சு, இனிமே எல்லாத்தையும் என்கிட்டயே பேசுங்க" என்றார். கல்யாணமே செய்துகொள்ளாமல் அந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் உழைத்த பெரியவர், பக்கத்து அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பாதிக் கை நுழைந்த சட்டையோடு அப்படியே நின்றார். மறுநாள் காலையில், "என் பங்கைப் பிரிச்சுக் குடு" என்றார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசவில்லை.

போன வாரம் பெரியவர், தம்பியின் மகள் மூலமாக ஒரு சேதி மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். "இந்தப் பருவத்துக்கு நானே விதைச்சுக் காட்டறேன். முடியலன்னா நிலத்த அவனே குத்தகைக்கு எடுத்துக்கட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

சொன்ன வார்த்தை சொன்னதுதான். மண்ணில் ஈரம் பதமாக இருந்தது. நாளை மாலைக்குமேல் கனத்த மழை என்று வானிலை அறிவிப்பு சொன்னது. மழைக்கு முன்னால் விதை உள்ளே போய்விட வேண்டும். போகாவிட்டால் வயல் சேறாகும். காய்ந்து, டிராக்டர் இறங்குவதற்குள் பருவம் கை நழுவிவிடும்.

*

அன்று காலையில் பெரியவர் எழுந்ததும் முதலில் பேசியது டிராக்டரிடம்.

"இன்னிக்கு மானத்த வாங்கிடாத" என்றார்.

இந்தப் பழக்கம் சமீபத்தில் வந்தது. ஒருநாள் மாலை கடைக்குப் போய் பேட்டரி கேட்டபோது தொண்டையிலிருந்து குரல் கரகரத்து வந்தது. அன்று முழுவதும் அதுவரை வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதிலிருந்து டிராக்டரிடமும் அடுப்பிடமும் ஏதாவது சொல்லிவைக்கிறார். இரண்டும் பதில் சொல்வதில்லை என்றாலும், குறுக்கே பேசுவதும் இல்லை.

"யார்கிட்ட பெரியப்பா பேசறீங்க?"

வாசலில் தம்பி மகள். நகரத்து மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பெரியவர் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே.

"வா எக்ஸ்ரே. என்ன, லீவா?"

"லீவு மாதிரி." அவள் செருப்பைக் கழற்றி, பழைய ஷூ ஒன்றில் காலை நுழைத்தாள். "பெரியப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான்…"

"அப்புறம் சொல்லு. இப்ப அந்த டேப்பப் பிடி."

அவள் பெரியவரையும் பிளான்ட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டேப்பைப் பிடித்தாள்.

முதலில் டிராக்டரின் பின்சக்கரங்கள். ஒரு டயரின் நடுவிலிருந்து மறு டயரின் நடுவரை நூற்றைம்பது சென்டிமீட்டர். வரிசைக்கும் வரிசைக்கும் எழுபத்தைந்து. ஆகவே இரண்டு சக்கரமும் வரிசைகளுக்கு நடுவில் உருளும். விதைத்த இடத்தை மிதிக்காது. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். இது பொருந்துகிறது.

அடுத்தது இணைப்பு. டிராக்டரின் பின்னால் இருக்கும் இரண்டு தூக்குக் கைகளின் ஓட்டையில் பிளான்ட்டரின் 'பின்'கள், அதாவது இரும்பு முளைகள், நுழைய வேண்டும். நுழையவில்லை. பிளான்ட்டரின் முளை பெரிய டிராக்டருக்கானது. விரல் தடிமனுக்கு மோதிரம் சேராததுபோல வாசலிலேயே நின்றுவிட்டது.

"சோப்புப் போட்டுப் பாக்கலாமா?" என்றாள் அவள்.

"உன் வாய்க்குப் போடு."

பழைய கலப்பையிலிருந்து கழற்றிய பின்கள் தகர டப்பாவில் கிடந்தன. பெரியவர் பிளான்ட்டரின் தடித்த பின்களின் நட்டைத் தளர்த்தி அவற்றை எடுத்துவிட்டு, மெல்லியவற்றை வைத்து முறுக்கினார். மாட்டியாயிற்று. மேலே டாப் லிங்க் என்ற நடுத்தண்டையும் பூட்டினார். சீட்டில் ஏறி உட்கார்ந்து லீவரை இழுத்தார்.

என்ஜின் முனகியது. பிளான்ட்டர் தரையை விட்டு ஒரு சாண் எழுந்தது. பெரியவரின் முகம் மலர்ந்த அதே நேரத்தில், உட்கார்ந்திருந்த சீட் பின்பக்கம் சாய்வதுபோல இருந்தது.

"தூக்குதா?" என்று கத்தினார்.

"தூக்குது பெரியப்பா. ஆனா பின்னாடி இருக்கறத இல்ல, முன்னாடி இருக்கறத!"

முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடின.

"அப்படியே மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றாள் அவள், வேலைக் குரலில். "இப்ப விடுங்க."

பெரியவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே லீவரை இறக்கினார். முன்சக்கரங்கள் மண்ணில் விழுந்து அவரை ஒரு குலுக்குக் குலுக்கின. சிரிப்பு அத்தோடு நின்றது.

முன்னால் எடைக் கட்டிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார். போதவில்லை. மணல் மூட்டைகளையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தார். முன்சக்கரம் தரையைத் தொட்டது. ஆனால் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வயல் முனையில் திருப்பும்போது டிராக்டர் சொன்ன பேச்சைக் கேட்காது.

கீழே இறங்கி, பிளான்ட்டரின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். நீளமான இரும்புச் சட்டம் ஒன்று. அதில் வரிசைக்கு ஒன்றாக ஆறு விதைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் கீழும் மண்ணைக் கீறும் வட்டத் தகடும், விதை விழுந்தபின் மூடி அழுத்தும் சிறு சக்கரமும். சட்டத்தின் இரு நுனிகளிலும் கோடு கிழிக்கும் கை ஒவ்வொன்று. அடுத்த ஓட்டத்துக்கு டிராக்டரின் மூக்கு எந்த இடத்தில் போகவேண்டும் என்று அந்தக் கை மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வரும்.

"ஓரத்துல இருக்கற ரெண்டையும் கழட்டிடலாம்" என்றார் கடைசியில். "நாலு போதும்."

"நாலு போதுமா?"

"பாதி நிலத்துக்கு நாலே ஜாஸ்தி."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

செயின் பிளாக்கின் சங்கிலியில் தொங்கவிட்டு, போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கொட்டகைச் சுவரோரம் அவை அருகருகே நின்றன. இப்போது லீவரை இழுத்ததும் பிளான்ட்டர் மறுபேச்சில்லாமல் எழுந்தது. முன்சக்கரம் அசையவில்லை.

"ஆச்சு" என்றார் பெரியவர்.

"பெரியப்பா, இப்பவாவது…"

"வெயில் ஏறுது. சாயங்காலம் சொல்லு, உக்காந்து கேக்கறேன். நீ போய் உங்கம்மாவப் பாரு. வந்ததும் வராததுமா இங்கயே இருந்தா எனக்குத்தான் பேச்சு வரும்."

*

முன்பெல்லாம் முதல் ஓட்டத்தில் பெரியவர் ஓட்டுவார். சின்னவர் பின்னால் நடந்து வருவார். பத்தடிக்கு ஒருமுறை குனிந்து விரலால் மண்ணைத் தோண்டி, விதை விழுந்திருக்கிறதா, ஆழம் சரியா, இடைவெளி சரியா என்று பார்ப்பார். ஒரு கையைத் தூக்கினால் நிறுத்து என்று பொருள். இரண்டு கையையும் விரித்தால் இடைவெளி அதிகம். கட்டைவிரலைக் காட்டினால், போய்க்கொண்டே இரு. என்ஜின் சத்தத்தில் வார்த்தை எடுபடாததால் வந்த பழக்கம். இருபது வருடம் விதைப்பு நாட்களில் அண்ணனும் தம்பியும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களில் சண்டையே வந்ததில்லை.

இன்று பின்னால் யாரும் இல்லை. பெரியவரே இறங்கி, மண்ணைத் தோண்டிப் பார்த்தார். நான்கு வரிசையிலும் விதை இருந்தது. ஆழம் சரி. தனக்குத்தானே கட்டைவிரலைக் காட்டிக்கொள்ளப் போய், கையை இறக்கிவிட்டு மேலே ஏறினார்.

முதல் ஓட்டம் முடிந்து திரும்பினார். பிளான்ட்டரின் கை கிழித்த கோடு மண்ணில் தெளிவாக இருந்தது. டிராக்டரின் மூக்கை அந்தக் கோட்டில் வைத்தார். கோட்டுக்கும் விதைத்த வரிசைக்கும் உள்ள தூரம், கண்ணுக்குப் பழகிய தூரம். ஓட்டிக்கொண்டே ஒருமுறை பின்னால் பார்த்தார். இரும்புச் சட்டம் இரண்டு பக்கமும் அதே நீளத்துக்கு நீண்டிருந்தது. எல்லாம் எப்போதும் இருந்ததுபோலவே இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை. பாகம் பிரிந்ததிலிருந்து அந்தத் திசையைப் பார்ப்பதில்லை என்று வைத்திருந்தார். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தாலும், பிடித்து இழுத்துவந்து முன்னால் வைத்துக்கொள்வார். அங்கே யாரோ நிற்பது கடைக்கண்ணில் தெரிந்தது. நிற்கட்டும். வேடிக்கை பார்க்க வந்திருப்பான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். தம்பி.

இத்தனை மாதம் இல்லாமல் இன்றைக்கு எதற்கு? குத்தகைப் பேச்சாக இருக்கும். 'முடியலன்னா விட்டுடு அண்ணா' என்று பெருந்தன்மையாக ஒரு வார்த்தை. போனைத் திரும்பப் பையில் போட்டார். சிறிது நேரத்தில் மறுபடி அதிர்ந்தது. மறுபடியும். நெஞ்சின்மேல் யாரோ விரலால் தட்டிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. பெரியவர் போனை அணைத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் கருவிகள் வைக்கும் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

அதன்பிறகு நன்றாக ஓடியது. ஓட்டத்துக்கு ஓட்டம், கோட்டுக்குக் கோடு. பிற்பகல் ஆகும்போது வயலில் பாதிக்குமேல் முடிந்திருந்தது. நினைத்ததைவிடச் சீக்கிரமே முடிந்திருந்தது. அதில்கூட அவருக்குச் சந்தேகம் வரவில்லை, பெருமைதான் வந்தது. ஒற்றை ஆளாக. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வானத்தையும் வயலையும் தவிர யாரும் இல்லை.

"பாத்தியா?" என்றார் டிராக்டரிடம்.

*

எக்ஸ்ரே வயலுக்குள் ஓடிவந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் காலையில் பிடித்த அதே டேப். ஓடுவதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பெரியவர் என்ஜினை நிறுத்தினார்.

"அம்மா சாப்பாடு குடுத்தாங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பெரியப்பா, ஏன் நடுவுல நடுவுல விட்டு விட்டு விதைச்சிருக்கீங்க?"

"எங்க விட்டேன்?"

"எல்லா இடத்துலயும். எங்க மாடியில இருந்து பாத்தேன். நெஞ்சு எக்ஸ்ரேல விலா எலும்பு தெரியற மாதிரி தெரியுது. நாலு வரிசை, அப்புறம் ஒரு சந்து. நாலு வரிசை, அப்புறம் ஒரு சந்து."

"மாடியில இருந்து பாத்தா எல்லாம் அப்படித்தான் தெரியும்" என்றார். சொல்லும்போதே கீழே இறங்கிவிட்டிருந்தார்.

விதைத்த நான்கு வரிசைகளின் மேல், அழுத்தும் சக்கரம் பதிந்த தடம் வரிவரியாக இருந்தது. நான்காவது தடத்தைத் தாண்டி அடுத்த தடம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து விரலால் தோண்டினார். மண். இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டினார். வெறும் மண். அவள் கையிலிருந்த டேப்பை வாங்கி நீட்டிப் பார்த்தார். எழுபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று இருபத்தைந்து.

சரியாக இரண்டு வரிசை. கொட்டகையில் கழற்றி வைத்துவிட்டு வந்த இரண்டு.

பெரியவர் பிளான்ட்டரின் ஓரத்தில் நீண்டிருந்த கையைப் பார்த்தார். பெட்டிகளைக் கழற்றினாரே தவிர, கோடு கிழிக்கும் கையைக் குறுக்கவில்லை. அது ஆறு வரிசைக்கு வைத்த நீளத்திலேயே இருந்தது. நான்கு வரிசை விதைத்துவிட்டு, ஆறு வரிசை விதைத்ததாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டத்திலும் அது இரண்டு வரிசைக்கு இடம் விட்டுக் கோடு போட்டிருக்கிறது. கையைச் சொல்லி என்ன? கண் எங்கே போயிற்று? இருபது வருடமாகப் பார்த்த தூரத்தைப் பார்த்து, சரி என்று சொன்னது அந்தக் கண்தானே.

அவர் எழுந்திருக்கவில்லை. காலியான மண்ணில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அப்பா காலையிலேயே பாத்துட்டாராம்" என்றாள் அவள் மெதுவாக. "ரெண்டாவது ஓட்டத்துலயே. வேலிகிட்ட நின்னு ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சுக் காட்டினாராம். போன் பண்ணினாராம்."

பெரியவர் விரல் நகத்தில் ஒட்டிய மண்ணைத் தேய்த்து உதிர்த்தார்.

"ஏன் எடுக்கல பெரியப்பா?"

"எதுக்குக் கூப்பிடறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எடுத்தா தெரிஞ்சிருக்கும்."

அவள் குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அதிகமாகக் குத்தியது.

சாப்பாட்டுப் பையை அவர் தொடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார். கோடு கிழிக்கும் கையின் நீளத்தைக் குறுக்கி மீதி வயலை நாளை காலையில் விதைத்துவிடலாம். ஆனால் இந்தச் சந்துகள்? நான்கு பெட்டியோடு இவற்றுக்குள் இறங்கினால், நடுவில் இருக்கும் இரண்டு பெட்டி காலி இடத்தில் விதைக்கும். ஓரத்து இரண்டும் ஏற்கெனவே விதைத்த வரிசையின்மேல் ஏறி அதைக் கீறிப் போட்டுவிடும். ஓரத்து இரண்டையும் கழற்ற வேண்டும். இரண்டே பெட்டியோடு ஒவ்வொரு சந்தாகப் போய்வர வேண்டும். அதை முடித்து, திரும்ப மாட்டி, மீதி வயலையும் முடிக்க, ஒரு டிராக்டருக்கும் ஒரு ஆளுக்கும் நாளை ஒரு பகல் போதாது. மாலைக்குமேல் மழை.

"சொன்ன வார்த்தை சொன்னதுதான்" என்றார். "உங்கப்பன்கிட்ட போய்ச் சொல்லிடு. குத்தகைக்கு எடுத்துக்கட்டும்."

"நான் சொல்ல மாட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரி வேலை பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

"பின்ன யாரு சொல்லுவா?"

"வாய் இருக்கறவங்க சொல்லட்டும்."

*

வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு டிராக்டரைக் கொட்டகைக்குத் திருப்பினார். எக்ஸ்ரே பின்னால் நடந்து வந்தாள். கழற்றி வைத்த இரண்டு பெட்டிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று தெரியவில்லை. தப்பு செய்த இடத்தைத் திரும்பப் போய்ப் பார்க்கும் புத்திதான்.

சுவரோரம் காலியாக இருந்தது.

பெரியவர் விளக்கைப் போட்டார். தரையில் அவை நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும். அங்கிருந்து வாசல்வரை, கனமான எதையோ பலகையில் வைத்து இழுத்த தடம். வாசலுக்கு வெளியே அகலமான டயர் தடம். அந்த டயரை அவருக்குத் தெரியும். பெரிய டிராக்டருக்கு அவரே தேர்ந்தெடுத்துப் போட்ட டயர். தடம் நேராகப் போய், வேலிக் கதவுக்கு அந்தப் பக்கம் தொடர்ந்தது. பிரிந்த நாளிலிருந்து கம்பி சுற்றிக் கட்டியிருந்த கதவு. கம்பி அவிழ்த்து, சுருட்டி, ஒழுங்காகக் கம்பத்தில் மாட்டப்பட்டிருந்தது.

அவர் வயலின் அந்தக் கோடியில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்க்காத பக்கத்திலிருந்து தம்பி வந்துபோயிருக்கிறான்.

"இது உனக்குத் தெரியுமா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். தெரியாது.

வேலிக்கு அப்பால், சின்னவரின் கொட்டகையில் விளக்கு எரிந்தது. அங்கிருந்து இரும்பில் இரும்பு படும் சத்தம் வந்தது. டங், டங், டங். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூன்று. போல்ட்டை இறுக்குவதற்கு முன்னால் மூன்று தட்டுத் தட்டிச் சரிபார்ப்பது அவன் வழக்கம். எதற்கடா இது என்று கேட்டால், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதாகச் சொல்வான்.

பெரியவர் வேலிக் கதவுவரை போனார். அதைத் தாண்டவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. கால் அங்கேயே நின்றது. திரும்பி வந்து, சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து போனை எடுத்து உயிர்ப்பித்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார். அழைப்பதற்கு விரலை வைக்கவும் இல்லை. பையில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

அது அவர் கையிலேயே அதிர்ந்தது.

எக்ஸ்ரே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் போனைக் காதில் வைத்தார்.

"சொல்லு."

அந்தப் பக்கத்தில் தம்பியின் குரல், நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனதுபோல.

"வரிசைக்கு வரிசை எவ்வளவு வெச்சிருக்க?"

"எழுபத்தஞ்சு."

"சரி."

டங், டங், டங். போனிலும் கேட்டது, வேலிக்கு அப்பாலிருந்தும் கேட்டது. இரண்டு பெட்டியும் பெரிய டிராக்டரின் பின்னால் மாட்டிய வேறொரு இரும்புச் சட்டத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றன. பகலெல்லாம் டிராக்டரிடம் அத்தனை பேசியவருக்கு இப்போது ஒரு வார்த்தை வரவில்லை.

"நீ முன்னால நாலு போட்டுட்டுப் போ" என்றார் சின்னவர். "சந்த நான் பாத்துக்கறேன். விடிஞ்சதும் ஆரம்பிச்சா மழைக்கு முன்னால முடிஞ்சுடும்."

"ம்."

"கோடு போடற கையக் குறுக்கிட்டியா?"

"குறுக்கிடறேன்."

பேச்சு முடிந்துவிட்டது என்று பெரியவர் நினைத்தார். அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. தட்டும் சத்தமும் நின்றிருந்தது.

"அண்ணா."

"ம்?"

"பொண்ணு உன்கிட்ட விஷயத்தச் சொல்லிட்டாளா?"

"என்ன விஷயம்?"

"அவளே சொல்லட்டும்" என்றார் சின்னவர். பிறகு போனை வைத்துவிட்டார்.

பெரியவர் திரும்பினார். காலையிலிருந்து இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தவள், இரண்டு முறையும் அவர் கையமர்த்திவிட்ட அந்தப் பெண், கொட்டகை விளக்கடியில் நின்று டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். ஒரு முழம் வெளியே வரும். சரக்கென்று உள்ளே ஓடிவிடும்.

"சாயங்காலம் உக்காந்து கேக்கறேன்னு சொன்னேனில்ல?" என்றார் பெரியவர். கவிழ்த்து வைத்த விதை டப்பா ஒன்றைக் காலால் நகர்த்தி, அதன்மேல் உட்கார்ந்தார். "உக்காந்துட்டேன். சொல்லு."

அவள் டேப்பைக் கடைசியாக ஒருமுறை இழுத்தாள். இந்தத் தடவை விடாமல் பிடித்துக்கொண்டாள்.